வாக்குத்தத்த அட்டையும் பிரிக்காத பெட்டிகளும்

ஒரு சகோதரி கேட்டிருந்த கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்:

"வருஷப் பிறப்பு ஆராதனையில் சீட்டுப் போல எடுத்த அட்டையில் எங்கள் குடும்பத்துக்கு வந்த வாக்குத்தத்த வசனம் எரேமியா 29:11: 'நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார்.' ஃப்ரேம் போட்டு மாட்டினோம். மார்ச் மாதம் என் கணவர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். ஓசூரில் வாடகை கொடுக்க முடியாமல் கோவில்பட்டியில் மாமியார் வீட்டுக்கு வந்துவிட்டோம். எப்படியும் திரும்பிவிடுவோம் என்று பாதிப் பெட்டிகளைப் பிரிக்கவே இல்லை. மகளை இங்கே பள்ளியில் சேர்த்திருக்கிறோம், ஆனால் யாரோடும் ரொம்ப ஒட்டிக்கொள்ளாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன். இப்போது நவம்பர். 'உங்களுக்கு விசுவாசம் போதவில்லை' என்கிறார் ஜெபக்குழுவில் ஒரு அக்கா. இன்டர்வியூவுக்குப் போகும்போதெல்லாம் பிலிப்பியர் 4:13 சொல்லித்தான் அனுப்புகிறேன், ஒன்றும் நடக்கவில்லை. மாமியாரோடு சண்டை வந்தால் எபேசியர் 4:26-ஐ நினைத்து ராத்திரியே பேசித் தீர்க்கப் பார்க்கிறேன், அது இன்னும் பெரிதாகிறது. வாக்குத்தத்தம் பொய்யா, அல்லது என் விசுவாசம்தான் குறைவா? வசனத்தை அன்றாட வாழ்க்கையில் எப்படித்தான் எடுத்துக்கொள்வது? இந்த வருஷமும் அட்டை எடுக்கலாமா?"

சகோதரி, வாக்குத்தத்தம் பொய்யில்லை. உங்கள் விசுவாசம் குறைவு என்று சொல்லவும் எனக்கு எந்த முகாந்தரமும் தெரியவில்லை. அட்டையில் இடம் கொஞ்சம்தான்; பதினோராம் வசனத்தை மட்டும் அச்சடித்தவர்கள் அதற்கு முன்னால் உள்ள பத்து வசனங்களை விட்டுவிட்டார்கள். நீங்கள் இன்னும் பிரிக்காத அந்தப் பெட்டிகளைப் பற்றிய பேச்சு அந்தப் பத்து வசனங்களில்தான் இருக்கிறது.

எரேமியா 29 ஒரு கடிதம். கி.மு. 597-இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமின் ராஜாவாகிய எகொனியாவையும், பிரபுக்களையும், தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குக் கொண்டுபோய்விட்டான். போனவர்கள் தொழில் தெரிந்தவர்கள், வீடு வாசலோடு வாழ்ந்தவர்கள். எரேமியா எருசலேமிலேயே இருந்தார். அங்கிருந்து அவர்களுக்கு எழுதியதுதான் இது. எல்லாவற்றையும் இழந்து, பிடிக்காத ஊரில், எப்போது திரும்புவோம் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தவர்களுக்கு வந்த கடிதம். உங்களுக்கு வந்த அட்டை தற்செயலாக வந்ததோ தேவசித்தத்தால் வந்ததோ, அதற்குள் நான் போகவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தை வாங்கிய ஆட்களுக்கும் உங்களுக்கும் நிறையப் பொருத்தம் இருக்கிறது.

இதற்கு முந்தின அதிகாரத்தையும் வாசியுங்கள். அதில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பி வருவார்கள், ஆலயத்துப் பணிமுட்டுகளும் திரும்பி வரும் என்று ஜனங்களுக்கு முன்பாகச் சொல்கிறான். பாபிலோனுக்கு அடங்கியிருங்கள் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்தும் காட்டுகிறான். இதில் என்னை ஒவ்வொரு தடவையும் நிறுத்துவது எரேமியாவின் பதில்தான்: "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்கிறார். அவருக்கும் அப்படி நடக்கவேண்டும் என்றுதான் ஆசை. ஆனால் கர்த்தர் அவருக்குச் சொன்ன கணக்கு எழுபது வருஷம். சந்தோஷமான செய்தியைச் சொன்னவன் பொய்யனாகவும், நீண்ட காத்திருப்பைச் சொன்னவர் மெய்யான தீர்க்கதரிசியாகவும் ஆனார்கள். அடுத்த டிசம்பருக்குள் எல்லாம் சரியாகிவிடும் என்று உங்களிடம் யாராவது அடித்துச் சொன்னால், எரேமியா மாதிரி நீங்களும் ஆமென் சொல்லிவிடுங்கள், தப்பில்லை. நாள் குறித்துக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

சரி, கடிதம் என்ன சொல்கிறது? "நீங்கள் வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்." பெண்களைக் கொள்ளுங்கள், பிள்ளைகளுக்கும் கல்யாணம் செய்துவையுங்கள், அங்கே குறுகிப்போகாமல் பெருகுங்கள். அப்புறம் ஏழாம் வசனம்: "நான் உங்களைச் சிறைப்பட்டுப்போகப்பண்ணின பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காகக் கர்த்தரை விண்ணப்பம்பண்ணுங்கள், அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானமிருக்கும்." தங்கள் ஊரைச் சூறையாடியவனின் பட்டணத்துக்காக ஜெபிக்கச் சொல்கிறார். இதைக் கேட்டுக் கொதித்துப்போன ஆட்களும் உண்டு. செமாயா என்று ஒருவன் பாபிலோனிலிருந்தே எருசலேமுக்குப் பதில் கடிதம் போட்டு, இந்த எரேமியாவை ஏன் இன்னும் கண்டித்து வைக்கவில்லை என்று ஆசாரியனிடம் கேட்கிறான். அதுவும் இதே அதிகாரத்தின் கடைசியில்தான் இருக்கிறது.

ஆக, பதினோராம் வசனத்தை நம்பினவன் பாபிலோனில் மறுநாள் காலையில் என்ன செய்திருப்பான்? கடப்பாரையை எடுத்துத் தோட்டத்துக்குக் குழி தோண்டியிருப்பான். நம்பாதவன் மூட்டையைக் கட்டி வாசலிலேயே வைத்திருப்பான். இதை உங்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. திரும்பிப் போவோம் என்ற விசுவாசத்தில்தான் பெட்டிகளைப் பிரிக்காமல் வைத்திருக்கிறீர்கள், அது எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் கைக்கு வந்த அதிகாரம் பெட்டியைப் பிரிக்கச் சொல்கிறது. பாத்திரங்களை எடுத்து அடுக்குங்கள். மகளிடம் போய், பக்கத்து பெஞ்சுப் பிள்ளையை ஒருநாள் வீட்டுக்குக் கூட்டி வா என்று சொல்லுங்கள். கோவில்பட்டிக்காக ஜெபம் பண்ணுங்கள். தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்கிறவர்களுக்காக, அந்த ஊரின் தண்ணீருக்காக, மகளின் பள்ளி வாத்தியார்களுக்காக. இது எரேமியா 29:7-க்கு நேரடியான கீழ்ப்படிதல். எந்த வியாக்கியானமும் தேவையில்லை.

அப்படியானால் ஓசூரை மறந்துவிட வேண்டுமா? இல்லை. இதே எரேமியா, முப்பத்திரண்டாம் அதிகாரத்தில், எருசலேமைப் பாபிலோனியர் முற்றுகை போட்டிருக்கும் நேரத்தில், தான் காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கும்போது, ஆனதோத்தில் இருந்த நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்குகிறார். எதிரிப் படைக்கு நடுவில் கிடக்கும் நிலத்துக்குச் சாட்சி வைத்து, கிரயப்பத்திரம் எழுதி, அதை ரொம்ப நாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் போட்டு வைக்கச் சொல்கிறார். பாபிலோனில் தோட்டம் போடச் சொன்னவரும் ஆனதோத்தில் பத்திரம் முடித்தவரும் ஒரே ஆள். உங்கள் கணவர் ஓசூர் கம்பெனிகளுக்கு விண்ணப்பம் போடட்டும், பழைய நண்பர்களுக்குப் போன் பண்ணட்டும். நீங்கள் கோவில்பட்டியில் முருங்கைக் கம்பு நடுங்கள். இரண்டும் சேர்ந்தே போகலாம்.

இன்னொன்று, தமிழில் வாசிக்கிற நமக்கு வருகிற சிக்கல். நம் பழைய மொழிபெயர்ப்பில் அந்த வசனம் "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு" என்று தொடங்குகிறது. இதை வாசித்தவுடன், நான் எதை எதிர்பார்க்கிறேனோ அதைக் கொடுப்பார் என்றுதான் மனசுக்குப் படும். வேலை என்றால் வேலை, வரன் என்றால் வரன். எபிரெயுவில் அங்கே இரண்டு சொற்கள்: அகரித், திக்வா. முதலாவது பின்னால் வரப்போகும் காலம், இரண்டாவது நம்பிக்கை. பின்வருங்காலத்தையும் நம்பிக்கையையும் தருவேன் என்பதே பொருள். 1995-இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு 'எதிர்காலம்', 'நம்பிக்கை' என்றே சொல்கிறது. பழைய மொழிபெயர்ப்பைக் குறை சொல்லவில்லை. நானும் அதில்தான் வளர்ந்தேன், மனப்பாடமாகத் தெரிந்ததும் அதுதான். ஆனால் ஒரு வசனத்தின் மேல் முழு வருஷத்தையும் நிறுத்தப் போகிறோம் என்றால், இரண்டாவது மொழிபெயர்ப்பு ஒன்றையும் எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. நம் எதிர்பார்ப்புப் பட்டியலில் அவர் கையெழுத்துப் போட்டார் என்று அந்த வசனம் சொல்லவில்லை. இது முடிந்துபோன கதை இல்லை, உங்களுக்கு ஒரு நாளை உண்டு என்றுதான் சொல்கிறது.

அது யாருக்குச் சொல்லப்பட்டது என்பதையும் பாருங்கள். "உங்கள்பேரில்" என்பது பன்மை. ஒரு ஜனத்துக்கு. எழுபது வருஷம் என்றால், கடிதத்தை வாசிக்கக் கேட்ட நாற்பது வயதுக்காரர் யாரும் திரும்பி வந்திருக்க முடியாது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வந்திருப்பார்கள். அப்படியென்றால் அந்த நாற்பது வயதுக்காரருக்கு வாக்குத்தத்தம் பொய்த்ததா? எபிரெயர் 11-ஐ உங்கள் ஜெபக்குழு அக்காவோடு சேர்ந்து உட்கார்ந்து வாசியுங்கள். விசுவாச வீரர்களின் அதிகாரம் என்று எல்லாரும் புகழ்வது. அதன் முடிவில், முப்பத்தொன்பதாம் வசனம்: "இவர்களெல்லாரும் விசுவாசத்தினாலே நற்சாட்சிபெற்றும், வாக்குத்தத்தம்பண்ணப்பட்டதை அடையாமற்போனார்கள்." அடையாமற்போனார்கள் என்று எழுதின கையே அவர்களுக்கு விசுவாசத்தில் நற்சாட்சியும் கொடுக்கிறது. அந்த அக்கா கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். நம்மில் பலருக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆனால் வேலை போன வீட்டில் போய், உனக்கு விசுவாசம் இல்லை என்று சொல்வது யோபுவின் சிநேகிதர்கள் செய்த வேலை. அவர்களைக் கர்த்தர் கடைசியில் கண்டித்தார்.

இங்கே நியாயமாக ஒரு கேள்வி எழும். எரேமியா 29 யூதருக்கு எழுதினது, யோசுவா 1 யோசுவாவுக்குச் சொன்னது என்றே போனால் நமக்கு என்னதான் மிஞ்சும்? இதற்குப் புதிய ஏற்பாடே ஒரு பாடம் நடத்திக் காட்டுகிறது. எனக்குத் தெரிந்தவரை வசனத்தை அன்றாடத்துக்கு எடுத்துக்கொள்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

எபிரெயர் 13:5: "நீங்கள் பண ஆசையில்லாதவர்களாய் நடந்து, உங்களுக்கு இருக்கிறவைகள் போதுமென்று எண்ணுங்கள், நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை என்று அவர் சொல்லியிருக்கிறாரே." இந்த வாக்கு எங்கிருந்து வந்தது? மோசே சாகுமுன் இஸ்ரவேலுக்கும், கர்த்தர் யோர்தானைக் கடக்குமுன் யோசுவாவுக்கும் சொன்னது. யுத்தத்துக்குப் போகிறவனுக்குச் சொன்ன வார்த்தையை எபிரெயர் நிருபம் வீட்டுச் செலவைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்குக் கொடுக்கிறது. அவர்களும் சாதாரணக் கவலைக்காரர்கள் இல்லை. பத்தாம் அதிகாரத்தில் அவர்களுடைய ஆஸ்திகள் கொள்ளைபோனதாக வாசிக்கிறோம். ஆக, வேறொருவருக்குச் சொன்ன வாக்கை நமக்கென்று எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. அதை வேதமே திறந்து வைத்திருக்கிறது.

ஆனால் எபிரெயர் நிருபத்தை எழுதினவர் எதை எடுத்தார், எதை எடுக்கவில்லை என்று கவனித்திருக்கிறீர்களா? யோசுவா 1:5-ஐ எடுக்கிறார். அதற்கு இரண்டு வசனம் முன்னால், "உங்கள் காலடி மிதிக்கும் எவ்விடத்தையும் உங்களுக்குக் கொடுத்தேன்" என்று இருக்கிறது. ஆஸ்தியைப் பறிகொடுத்தவர்களுக்கு எவ்வளவு இனிப்பான வசனம்! அவர் அதைத் தொடவே இல்லை. காலடி மிதிக்கும் இடம் என்பது மோசேக்குச் சொன்னபடி அந்த ஜனத்துக்கு, அந்த தேசத்தில். விலகுவதுமில்லை கைவிடுவதுமில்லை என்பதோ தேவன் எப்படிப்பட்டவர் என்பது. அவர் மாறாதவர், அதனால் அது எல்லாக் காலத்துக்கும் வரும். இந்தப் பிரிவினையை அவர் செய்தது எனக்குப் புரிய எத்தனையோ வருஷம் ஆனது.

புரியாத காலத்தில் நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான புதிதில் எங்கள் தெருக்கோடியில் இரண்டேகால் சென்ட் காலிமனை ஒன்று விலைக்கு வந்தது. கையில் அட்வான்ஸுக்குக்கூடப் பணம் இல்லை. யோசுவா 1:3-ஐப் பிடித்துக்கொண்டு ஏழு நாள் விடியற்காலையில் அந்த மனையைச் சுற்றி வந்தேன். எரிகோ கணக்கில் ஏழாம் நாள் ஏழு சுற்று. நெருஞ்சி முள் குத்தியதுதான் மிச்சம். அடுத்த மாதமே வேறொருவர் வாங்கி வீடு கட்டிவிட்டார், கிரகப்பிரவேசத்துக்கு எனக்கும் பத்திரிகை வைத்தார். நான் கர்த்தர்மேல் ஆறு மாதம் கோபமாக இருந்தேன். அவர் தராத வாக்கை நிறைவேற்றவில்லை என்று அவரோடு வழக்காடிக்கொண்டிருந்தேன் என்பதுதான் உண்மை.

சங்கீதம் 91-ஐ வைத்து இயேசுவிடமே இந்த விளையாட்டு நடந்திருக்கிறது. தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, தூதர்கள் உம்மை ஏந்திக்கொள்வார்கள் என்று எழுதியிருக்கிறதே, குதியும் என்று வசனம் சொன்னது பிசாசு என்று உங்களுக்குத் தெரியும். வசனம் சரியான வசனம்தான். இயேசு அதை மறுக்கவில்லை. உபாகமத்திலிருந்து, தேவனைப் பரீட்சை பாராதே என்ற இன்னொரு வசனத்தை அதன் பக்கத்தில் வைத்தார். ஒரு வாக்குத்தத்தத்தை வைத்துக்கொண்டு, இதை இந்தத் தேதிக்குள் நிரூபித்துக் காட்டும் என்று கேட்கிற இடத்துக்கு நாம் வந்துவிட்டால், அது விசுவாசத்தின் எல்லையைத் தாண்டிவிட்டது.

பிலிப்பியர் 4:13-க்கு வருவோம். பைக்கிலும் பரீட்சை அட்டையிலும் அதிகம் ஒட்டப்படுவது அதுவாகத்தான் இருக்கும். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு." பவுல் இதைக் கட்டுகளோடு இருந்துகொண்டு எழுதுகிறார். முந்தின வசனத்தில் அந்த 'எல்லாம்' எது என்று அவரே சொல்லிவிடுகிறார்: தாழ்ந்திருக்க, வாழ்ந்திருக்க, திருப்தியாயிருக்க, பட்டினியாயிருக்க, பரிபூரணமடைய, குறைவுபட. அதற்கும் முன்னால், "நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்." மனரம்மியம் என்ற சொல்லை இன்று பேச்சில் யாரும் சொல்வதில்லை, ஆனால் என்ன அழகான சொல். அதற்குக் கிரேக்கத்தில் உள்ள சொல், எவர் தயவும் தேவையில்லாமல் தனக்குத் தானே போதுமானவன் என்று அந்தக் காலத்து ஸ்தோயிக்க ஞானிகள் பெருமையாகச் சொல்லிக்கொண்டது. பவுல் அதை வாங்கி, என் போதுமானது கிறிஸ்துவிடத்தில் இருக்கிறது என்று திருப்பிப் போடுகிறார். அதோடு, "கற்றுக்கொண்டேன்" என்கிறார். ஒரே நாளில் இறங்கின வரம் மாதிரி சொல்லவில்லை.

அதனால் இன்டர்வியூவுக்குப் போகும்போது அந்த வசனத்தைச் சொல்ல வேண்டாம் என்பதில்லை. இன்டர்வியூ முடிந்து, "தகவல் சொல்கிறோம்" என்று அனுப்பிவிட்ட பிறகு, பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு வீட்டுக்குப் போன் பண்ணத் தயங்குகிற நேரம் ஒன்று உங்கள் கணவருக்கு இருக்கும். அந்த வசனம் முக்கியமாக அந்த நேரத்துக்கு. ஜெயிக்கப் பெலன் உண்டு என்பதோடு, தோற்றுவிட்டு வீட்டுக்கு வந்து பிள்ளையோடு சிரித்துப் பேசவும் பெலன் உண்டு.

அடுத்த வசனத்தை யாரும் ஒட்டுவதில்லை: "ஆனாலும், நீங்கள் என் உபத்திரவத்தில் என்னுடனே உடன்பட்டது நலமாயிருக்கிறது." எல்லாவற்றுக்கும் பெலன் உண்டு என்று எழுதின மை காயுமுன்னே, நீங்கள் அனுப்பின உதவிக்கு ரொம்ப நன்றி என்கிறார். பிலிப்பி சபை எப்பாப்பிரோதீத்து என்பவர் கையில் பவுலுக்கு உதவி கொடுத்து அனுப்பியிருந்தது. கொண்டுவந்த அந்த மனிதர் சாகிற அளவுக்கு வியாதிப்பட்டுப் பிழைத்தார். பவுலுக்கு அந்த உதவியை வாங்கிக்கொள்வதில் கூச்சமில்லை. உங்கள் கடிதத்தின் நடுவே, சபையிலிருந்து மளிகைச் சாமான் கொண்டுவந்தபோது வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டதாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அடுத்த முறை வாங்கிக்கொள்ளுங்கள். அதுவும் பிலிப்பியர் நாலாம் அதிகாரம்தான்.

இதை உங்களுக்கு மட்டும் சொன்னால் அநியாயம். உங்கள் சபைக்காரருக்கும் ஒன்று இருக்கிறது. வஸ்திரமும் ஆகாரமும் இல்லாதவனிடம் "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று சொல்லிவிட்டு ஒன்றும் கொடுக்காமல் இருந்தால் பிரயோஜனமென்ன என்று யாக்கோபு கேட்கிறார். வேலை போனவருக்குத் தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் பூப்படம் போட்ட வசனம் அனுப்பிவிட்டு, அவருடைய பயோடேட்டாவை ஒருத்தரிடமும் கொடுக்காமல் இருப்பது அதே ரகம். வாக்குத்தத்தங்களுக்கு நம் பெயரைப் போட்டுக்கொள்வதில் நமக்கு இருக்கும் வேகம் கட்டளைகளில் இருப்பதில்லை. "வாலாக்காமல் தலையாக்குவார்" உடனே நமக்கு. அதே உபாகமத்தில், கூலிக்காரனின் கூலியைப் பொழுது அடையுமுன் கொடுத்துவிடு என்று இருப்பது இஸ்ரவேலருக்கு! வருஷப் பிறப்பு அட்டையில், கேட்பதற்குத் தீவிரமாயும் பேசுவதற்குப் பொறுமையாயும் இரு என்ற யாக்கோபு 1:19 வந்து நான் ஒருமுறையும் பார்த்ததில்லை. வந்தால் எங்கள் வீட்டுக்கு ரொம்பப் பொருத்தமாக இருக்கும் என்பார் என் மனைவி.

மாமியார் விஷயம். "கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள், சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது." இதை, படுக்கப்போகுமுன் எதிராளியை உட்காரவைத்துப் பேசித் தீர்க்கவேண்டும் என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படி நடு ராத்திரிவரை பேசி, முதலில் இல்லாத சண்டைகளையும் கிளப்பியிருக்கிறேன். வசனத்தை மெதுவாக வாசித்தால், தணியவேண்டியது "உங்கள் எரிச்சல்". மாமியாருடைய எரிச்சலைத் தணிக்கும் பொறுப்பை அந்த வசனம் உங்களிடம் கொடுக்கவில்லை. இதன் முதல் பாதி பவுலின் சொந்த வார்த்தையும் இல்லை, நாலாம் சங்கீதத்திலிருந்து எடுத்தது. அங்கே அடுத்த வரி என்ன தெரியுமா? "உங்கள் படுக்கையிலே உங்கள் இருதயத்தில் பேசிக்கொண்டு அமர்ந்திருங்கள்." பேச்சு உண்டு, ஆனால் உள்ளுக்குள்ளே, வாயை மூடிக்கொண்டு. இரவு கர்த்தரிடம் கொட்டிவிட்டுத் தூங்குங்கள். காலையில் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, சொல்லவேண்டியது இன்னும் மிச்சம் இருந்தால் அத்தையிடம் அப்போது சொல்லுங்கள். பாதிக்கு மேல் மிச்சம் இருக்காது. ஒரு எச்சரிக்கை மட்டும்: அடியோ மிரட்டலோ நடக்கிற வீடுகளுக்கு இந்தப் பதில் பொருந்தாது. அங்கே அமர்ந்திருங்கள் என்ற வசனத்தைக் காட்டி ஒரு பெண்ணை அடக்கிவைப்பது பாவம். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

எப்படித்தான் வாசிப்பது என்று கேட்டீர்கள். பெரிய முறை ஒன்றும் என்னிடம் இல்லை. ஒரு வசனம் மனசைப் பிடித்தால் அந்த அதிகாரம் முழுவதையும் வாசிப்பேன். கடிதமாக இருந்தால் முடிந்தமட்டும் கடிதம் முழுவதையும். பிலிப்பியர் நாலே அதிகாரம், ஒரு குக்கர் சோறு வேகும் நேரத்தில் முடிந்துவிடும். இதை முதலில் கேட்டவர்கள் எந்த நிலைமையில் இருந்தார்கள், கேட்டபிறகு மறுநாள் என்ன செய்திருப்பார்கள் என்று யோசிப்பேன். அப்புறம், இது தேவனுடைய குணத்தைச் சொல்கிறதா, குறிப்பிட்ட ஒரு ஜனத்துக்கான ஏற்பாட்டைச் சொல்கிறதா என்று பார்ப்பேன். கடைசியாக, பழைய டைரி ஒன்றில் அன்று சாயங்காலத்துக்குள் செய்யக்கூடிய ஒரு காரியத்தை ஒரு ஆள் பெயரோடு எழுதுவேன். "அன்பாயிருக்க வேண்டும்" என்று எழுதினால் ஒருநாளும் நடப்பதில்லை. "பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு மாத்திரை வாங்கிக் கொடுக்கணும்" என்று எழுதினால் நடந்துவிடுகிறது.

எல்லா நாளும் எழுத ஏதாவது கிடைக்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். முதலாம் நாளாகமத்தில் முதல் ஒன்பது அதிகாரம் பெரும்பாலும் பெயர்ப் பட்டியல்தான். அதற்குள் யாபேஸின் ஜெபத்தை மட்டும் தூண்டில் போட்டு எடுத்துவிட்டு மற்றதை விட்டுவிடுகிறோம், எல்லையைப் பெரிதாக்கும் என்று அதில் வருவதால். எனக்கு அந்தப் பட்டியல் பிடிக்கும். அன்றைக்கு நான் செய்ய ஒன்றுமே அதில் இருக்காது. இத்தனை பேரை, பெயர் பெயராக அவர் எழுதி வைத்திருக்கிறார் என்று வாசித்துவிட்டு மூடி வைப்பேன்.

கடைசியாக, அட்டை எடுக்கலாமா என்ற கேள்வி. தாராளமாக எடுங்கள். ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் இருந்த மொராவியச் சகோதரர்கள் என்ற கிறிஸ்தவ சபையார் 1728-இல் நாளுக்கு ஒரு வசனம் என்று தொடங்கினார்கள். 1731-லிருந்து அதைப் புத்தகமாகவே அச்சிட்டு வருகிறார்கள், இன்றுவரை நிற்கவில்லை. அதில் பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். ஆனால் அதோடு வரும் புதிய ஏற்பாட்டு வசனத்துக்குச் சீட்டுக் கிடையாது. ஆட்கள் உட்கார்ந்து, முதல் வசனத்தை வாசித்து, அதற்குப் பொருத்தமானதைத் தேடி எடுக்கிறார்கள். எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. நீங்களும் அப்படியே செய்யலாம். சீட்டில் வந்ததை வாங்கிக்கொள்ளுங்கள், அதற்குத் துணை வசனம் ஒன்றை நீங்களே, கணவரோடு சேர்ந்து, தேடிக் கண்டுபிடியுங்கள். தேடும்போது எப்படியும் நாலைந்து அதிகாரம் வாசித்துவிடுவீர்கள்.

பழைய ஃப்ரேமையும் கழற்ற வேண்டாம். அட்டையின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கும். ஐந்தாம் வசனத்திலிருந்து ஏழு வரைக்கும் அதில் மகளை எழுதச் சொல்லிவிட்டு மறுபடி மாட்டுங்கள். புது அட்டை வந்த ராத்திரி, ஆராதனை முடிந்து கேக்கும் சாப்பிட்டு வீட்டுக்கு வர மணி ஒன்றாகிவிடும். அப்படியே படுக்காமல் அந்த அதிகாரத்தை மட்டும் முழுசாக வாசித்துவிடுங்கள். சங்கீதம் 119 வந்தால் மட்டும் தூங்கி எழுந்து வாசிக்கலாம், அது 176 வசனம்.